விதியும் புறனடையும்: உலாவியில் விளம்பரத் தடுப்பானை அமைத்தலும் பழுது நீக்கலும்

1. பொருள் வரையறை

விளம்பரத் தடுப்பான் என்பது உலாவியோடு இணைந்து இயங்கும் ஒரு சிறு மென்பொருள். இணையப் பக்கம் ஒன்றை நாம் திறக்கும்போது, அப்பக்கத்தோடு சேர்ந்து வரும் விளம்பரங்களையும் நம்மைப் பின்தொடரும் நிரல்களையும் வரவிடாமல் நிறுத்துவது அதன் பணி. இக்கருவி கணினித் துறையைச் சார்ந்தது. மொழியியல் பயின்ற ஒருவர் அதைப் பற்றி உரைப்பது பொருந்துமோ என்னும் ஐயம் எழலாம். தடுப்பானுக்குத் தனக்கென அறிவு கிடையாது. தொண்டர்கள் எழுதிவைத்த விதிப்பட்டியலைப் பார்த்தே அது ஒன்றைத் தடுக்கிறது, மற்றொன்றை விடுகிறது. அவ்விதிகள் எழுத்துகளால் ஆனவை; பொதுவிதி, சிறப்புவிதி, விலக்கு என்னும் அமைப்பை உடையவை; நாடு வாரியாகவும் மொழி வாரியாகவும் தொகுக்கப்பட்டவை. இவ்வகையில் அது மொழி ஆய்வாளருக்கும் உரிய பொருளாகிறது.

அவ்வாறு தொகுத்தவர்களின் பார்வையில், மலேசியாவிலிருந்து தமிழ் படிக்கும் வாசகர் இரண்டு பட்டியல்களுக்கு இடையே விடுபட்டு நிற்கிறார். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தமிழ்ச் செய்தி படிப்போருக்கு இதனால் நேரும் குறை என்ன, அதைச் சில நிமிடங்களில் சரிசெய்வது எப்படி, பழுது நேர்ந்தால் காரணத்தைக் கண்டறிவது எப்படி என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

2. அச்சு விளம்பரமும் இணைய விளம்பரமும்

தமிழ் நாளிதழ்களில் விளம்பரம் புதியதன்று. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் உள்ள துணிக்கடையோ, பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் உள்ள நகைக்கடையோ நாளிதழில் விளம்பரம் செய்தால், அதை ஏற்றவர் இதழின் நிருவாகி. கொடுத்தவர் கடையின் உரிமையாளர். பொருளில் குறையிருந்தால் வாசகர் அக்கடைக்கே நேரில் சென்று கேட்கலாம். விளம்பரத்திற்கு ஒரு முகவரியும் ஒரு பொறுப்பாளரும் இருந்தனர்.

இணைய விளம்பரமும் தொடக்கத்தில் ஏறத்தாழ இவ்வாறே இருந்தது. 1994 அக்டோபரில் ஹாட்வயர்ட் என்னும் அமெரிக்க இணைய இதழ் பட்டை விளம்பரங்களை வெளியிட்டபோது, இடத்தை விற்றவரும் வாங்கியவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். இன்றைய முறை வேறு. பக்கத்தில் ஒரு வெற்றிடம் மட்டும் விடப்படுகிறது. வாசகர் பக்கத்தைத் திறந்ததும், அவர் எந்த ஊரில் இருக்கிறார், எந்தக் கருவியைப் பயன்படுத்துகிறார், முன்பு எவற்றைப் பார்த்தார் என்னும் விவரங்கள் விளம்பர வலையமைப்புகளுக்குச் செல்கின்றன. நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் அவ்விடம் ஏலம் விடப்பட்டு, வென்றவரின் விளம்பரம் வந்து அமர்கிறது. இதழின் ஆசிரியர் அவ்விளம்பரத்தைப் பார்த்ததே இல்லை. விளம்பரம் தந்தவருக்கு அவ்விதழின் பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம்.

இந்த முறையில்தான் போலிகள் நுழைகின்றன. பழைய திரைப்பாடலையோ மின்னூலையோ தேடிச் செல்லும் மூத்த வாசகர் ஒருவரின் முன், பச்சை நிறத்தில் 'பதிவிறக்கு' என்னும் பொத்தான்கள் மூன்று நான்கு தோன்றும். அவற்றுள் ஒன்றே உண்மையானது, ஏனையவை விளம்பரங்கள். தவறானதை அழுத்தினால் தேவையற்ற செயலி இறங்கும். அல்லது வங்கியின் பக்கம்போல் தோன்றும் போலிப் பக்கம் திறக்கும். அமெரிக்காவின் கூட்டரசுப் புலனாய்வுத் துறை 2022 டிசம்பரில் வெளியிட்ட பொது அறிவிப்பு, தேடுபொறி விளம்பரங்களில் மோசடியாளர்கள் உண்மையான நிறுவனங்களைப்போல் வேடமிடுவதை எடுத்துரைத்து, இணையத்தில் தேடும்போது விளம்பரத் தடுப்பு நீட்சியைப் பயன்படுத்துமாறு பொதுமக்களுக்குப் பரிந்துரைத்தது. ஆகவே தடுப்பான் கண்ணுக்கு இதம் தருவதற்கான ஏற்பாடு மட்டுமன்று. வீட்டு வாயிலுக்குக் கதவு இருப்பது போன்ற பாதுகாப்புமாகும்.

3. தடுப்பான் செய்யும் இரு செயல்கள்

2002ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு மாணவர் ஹென்ரிக் ஆஸ்டெட் சோரன்சன் 'ஆட்பிளாக்' என்னும் நீட்சியை உருவாக்கினார். 2006இல் விளாதிமிர் பாலன்ட் அதை மாற்றியெழுதி 'ஆட்பிளாக் பிளஸ்' என வெளியிட்டார். இதற்கிடையே, 2005இல் ரிக் பெட்னெல் என்பவர் 'ஈசிலிஸ்ட்' என்னும் பொதுப்பட்டியலைத் தொடங்கினார். மென்பொருள் வேறு, விதிப்பட்டியல் வேறு என்னும் பிரிவு இவ்வாறு நிலைபெற்றது. 2014இல் ரேமண்ட் ஹில் வெளியிட்ட 'யூபிளாக்', அடுத்த ஆண்டில் 'யூபிளாக் ஆரிஜின்' என்னும் பெயரில் தனியே தொடர்ந்தது. இது கட்டணமற்றது, மூல நிரல் அனைவர் பார்வைக்கும் திறந்திருப்பது, நன்கொடையும் பெறாதது. இக்கட்டுரையின் விளக்கங்கள் இதனை அடிப்படையாகக் கொண்டவை.

தடுப்பான் இரண்டு செயல்களைச் செய்கிறது. முதலாவது, வரவிடாமல் தடுத்தல். ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால் உலாவி அந்த இதழின் முகவரியை மட்டும் நாடுவதில்லை. எழுத்துரு, படம், விளம்பரம், கண்காணிப்பு எனப் பல வெளி முகவரிகளுக்கும் வேண்டுகோள் விடுக்கிறது. தடுப்பான் ஒவ்வொரு வேண்டுகோளையும் பட்டியலோடு ஒப்பிட்டு, விளம்பர முகவரிகளுக்குச் செல்வதை நிறுத்துகிறது. வராத பொருளுக்கு இணையத் தரவும் செலவாகாது. பக்கமும் விரைவில் திறக்கும். இரண்டாவது, வந்ததை மறைத்தல். இதழின் சொந்த முகவரியிலிருந்தே வரும் விளம்பரப் பெட்டியைப் பக்கத்திலிருந்து பிரித்துத் தடுக்க இயலாதபோது, அது கண்ணில் படாதவாறு மறைக்கப்படுகிறது. பழுது நீக்கும்போது இவ்விரண்டுள் எது நிகழ்ந்தது என அறிவது பயன்தரும்.

4. விதிகளின் இலக்கணம்

பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு விதி. நான்கு வகைகளை அறிந்தால் போதும். கீழ்வரும் முகவரிகள் விளக்கத்திற்காக அமைத்துக்கொண்டவை.

||விளம்பரம்.எடுத்துக்காட்டு^
இது தடுக்கும் விதி. தொடக்கத்தில் உள்ள இரு செங்குத்துக் கோடுகள் 'இந்த முகவரியும் இதன் கிளை முகவரிகளும்' எனப் பொருள்படும். இறுதியில் உள்ள கூரைக்குறி, முகவரி அவ்விடத்தில் முடிகிறது என எல்லை காட்டும்.

@@||நாளிதழ்.எடுத்துக்காட்டு/படங்கள்/
இது விலக்கு விதி. வேறு விதி தடுத்தாலும் இதனை விட்டுவிடுக என்பது பொருள்.

நாளிதழ்.எடுத்துக்காட்டு##.விளம்பரப்பெட்டி
இது மறைக்கும் விதி. குறிப்பிட்ட இதழின் பக்கத்தில், குறிப்பிட்ட பெயருடைய பெட்டியை மறைக்கும்.

! என்னும் குறியோடு தொடங்கும் வரி விதியன்று. உரைகாரர் எழுதிவைத்த குறிப்பு.

பொதுவாக ஒன்றைச் சொல்லி, அதற்கு அடங்காதவற்றைப் புறனடையால் அமைத்துக்கொள்ளும் முறை தொல்காப்பியம் பயின்றோருக்குப் புதிதன்று. எல்லாவற்றுக்கும் தனித்தனி விதி எழுத முற்பட்டால் நூல் முடிவுறாது; பொதுவிதி மட்டும் எழுதினால் வழக்கோடு முரணும். பட்டியல் தொகுப்போரும் இதே இடர்ப்பாட்டை எதிர்கொள்கின்றனர்.

சொல்லெல்லையைக் காட்டும் கூரைக்குறி ஏன் தேவைப்படுகிறது என்பதற்குத் தமிழிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். ஆங்கிலத்தில் விளம்பரத்தைச் சுருக்கமாக ஏ, டி என்னும் இரண்டு உரோமன் எழுத்துகளால் குறிப்பர். 'இவ்விரண்டு எழுத்தும் அடுத்தடுத்து வரும் முகவரிகளையெல்லாம் தடுத்துவிடு' என ஒருவர் விதி எழுதினால் என்ன ஆகும்? இணைய முகவரிகள் பெரும்பாலும் உரோமன் எழுத்தில் அமைகின்றன. நாடு, கடை, படம் என்னும் சொற்களை உரோமனில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஏ, டி இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். தமிழ்நாடு என்னும் பெயரே அவ்விதியில் சிக்கும். எழுத்துச் சேர்க்கையை அறிந்து சொல்லை அறியாத விதியின் குறை இது. ஆதலால்தான் தேர்ந்த தொகுப்பாளர்கள் இரு புறமும் எல்லைக்குறி இட்டு எழுதுகின்றனர்.

இதற்கு மறுதலையான குறையும் உண்டு. தமிழ் இதழ் ஒன்றின் நிரலாளர் தம் விளம்பரப் பெட்டிக்கு ஆங்கிலப் பெயரிடாமல் 'விளம்பரம்' என்னும் சொல்லையே உரோமன் எழுத்தில் பெயராக இட்டால், ஆங்கிலப் பெயர்களைத் தேடும் பொதுவிதிகளுக்கு அது அகப்படாது. கட்டணம் பெற்று வெளியிடும் கட்டுரைகளுக்கு மேல் 'விளம்பரதாரர் பகுதி' எனத் தமிழில் தலைப்பிருந்தால் அதுவும் அவ்வாறே. யூபிளாக் ஆரிஜினில் பக்கத்தின் உரைச்சொல்லைக் கொண்டே ஒரு பெட்டியை மறைக்கும் விதி எழுத இயலும். தமிழ்ச் சொல்லையும் அதில் தரலாம். எனினும், தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அத்தலைப்பைப் பார்த்துச் சொன்னாலன்றி அவ்விதி எழுதப்படாது.

5. இரு பட்டியல்களுக்கு இடையில்

யூபிளாக் ஆரிஜினில் பொதுப்பட்டியல்களோடு, வட்டாரங்களுக்கும் மொழிகளுக்கும் உரிய சிறப்புப் பட்டியல்களும் உள்ளன. நமக்குத் தொடர்புடையவை இரண்டு. ஒன்று 'ஏபிபிஇந்தோ', இது இந்தோனேசியா, மலேசியா என்னும் நாடுகளின் அடையாளத்தோடு, இந்தோனேசிய மொழிக்கும் மலாய் மொழிக்கும் உரியதாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. மற்றொன்று 'இந்தியன்லிஸ்ட்', இது இந்தியா, இலங்கை, நேபாளம் என்னும் நாடுகளின் அடையாளத்தோடு, தமிழ் உள்ளிட்ட தென்னாசிய மொழிகளுக்கு உரியதாக வகைப்படுத்தப்பட்டுள்ளது.

மென்பொருளை முதன்முறை நிறுவும்போது, அது உலாவியின் மொழியைப் பார்த்து வட்டாரப் பட்டியலைத் தானே தேர்ந்துகொள்ளும். உலாவி மலாய் மொழியில் இருந்தால் ஏபிபிஇந்தோ தேர்வாகும்; தமிழ்ச் செய்தித் தளங்களுக்குரிய விதிகள் வாரா. உலாவி தமிழில் இருந்தால் இந்தியன்லிஸ்ட் தேர்வாகும். மலேசியத் தளங்களுக்குரிய விதிகள் வாரா. நம்மில் பலரைப்போல் உலாவியை ஆங்கிலத்தில் வைத்திருந்தால், இவ்விரண்டில் ஒன்றும் தேர்வாகாது. காலையில் மலாய்ச் செய்தியும் தமிழ்ச் செய்தியும் ஒருசேரப் படித்து, மாலையில் சென்னைத் தளத்தில் திரைச்செய்தி பார்க்கும் கிள்ளான் பள்ளத்தாக்கு வாசகருக்கு இரண்டும் வேண்டும். தமிழ் மலேசியாவிலும் வழங்கும் மொழி என்பதை அவ்வகைப்பாடு கருதவில்லை. இதனை யாரும் வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒரு மொழிக்கு ஒரு நிலம் என எண்ணித் தொகுத்தால், புலம்பெயர்ந்த மொழிகளுக்கு நேரும் நிலை இது.

6. அமைக்கும் முறை

மடிக்கணினியில் பயர்பாக்ஸ் உலாவியைக் கொண்டு விளக்குவோம்.

முதலாவது: வலப்பக்க மேல்மூலையில் உள்ள மூன்று கோடுகளை அழுத்தி, நீட்சிகளுக்குரிய பகுதியைத் திறந்து, 'யூபிளாக் ஆரிஜின்' எனத் தேடுக. ஆக்கியவர் பெயர் ரேமண்ட் ஹில் என்று இருத்தல் வேண்டும். பெயரின் பின்பகுதியான 'ஆரிஜின்' இன்றி 'யூபிளாக்' என மட்டும் இருப்பது வேறு.

இரண்டாவது: சேர்க்கும் பொத்தானை அழுத்துக. எல்லா இணையப் பக்கங்களையும் பார்க்கும் உரிமையை அது கோரும். தடுப்பானின் பணிக்கு இவ்வுரிமை இன்றியமையாதது. அதனாலேயே எவருடைய தடுப்பானை ஏற்கிறோம் என்பது முதன்மையாகிறது. 2018 ஏப்ரலில், குரோம் நீட்சிக் கடையில் இருந்த ஐந்து போலித் தடுப்பான்களை இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் நிறுவியிருந்தமை வெளியாயிற்று. 2019இல், புகழ்பெற்ற தடுப்பான்களின் பெயரையே சூடிய இரண்டு நீட்சிகள், வாசகர்களின் உலாவி வழியே கள்ளத்தனமாகத் தரகுத்தொகை ஈட்டியமையால் அங்கிருந்து நீக்கப்பட்டன.

மூன்றாவது: கருஞ்சிவப்புக் கேடயம் போன்ற படவுரு உலாவியின் மேல்பட்டையில் தோன்றும். தோன்றாவிடில், புதிர்த்துண்டு வடிவப் படவுருவை அழுத்தி, கேடயத்தை மேல்பட்டையில் நிலைநிறுத்துக.

நான்காவது: கேடயத்தை அழுத்தினால் சிறு பலகை ஒன்று திறக்கும். அதன் கீழ்ப்பகுதியில் உள்ள பற்சக்கரப் படவுருவை அழுத்தினால் கட்டுப்பாட்டுப் பக்கம் வரும். அங்கு வடிகட்டிப் பட்டியல்களுக்குரிய இரண்டாம் பிரிவைத் திறந்து, வட்டாரங்களும் மொழிகளும் என்னும் தொகுதியை விரித்து, ஏபிபிஇந்தோ, இந்தியன்லிஸ்ட் இரண்டின் கட்டங்களிலும் குறியிடுக. மாற்றங்களை ஏற்கும் பொத்தானை அழுத்த மறத்தல் கூடாது. அழுத்தாவிடில் குறியிட்டது பயன்படாது.

வேறு கட்டங்கள் பல இருப்பதைக் கண்டு அனைத்திலும் குறியிட வேண்டாம். பட்டியல் மிகுந்தால் பாதுகாப்பு மிகும் என்பது தவறான எண்ணம். ஒன்றோடொன்று முரணும் விதிகள் மிகும், பக்கங்கள் சிதையும்.

குரோம் உலாவியைப் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு. நீட்சிகளுக்கான விதிமுறையைக் கூகிள் நிறுவனம் மாற்றியமைத்ததால், 2024 தொடங்கி 2025க்குள் யூபிளாக் ஆரிஜின் குரோமில் படிப்படியாக முடக்கப்பட்டது. 'முன்பு வேலை செய்தது, இப்போது காணவில்லை' எனக் கூறுவோரில் பலருக்குக் காரணம் இதுவே. அவர்கள் அதே ஆசிரியரின் 'யூபிளாக் ஆரிஜின் லைட்' என்பதை நிறுவலாம். வட்டாரப் பட்டியல்களை அதிலும் தேர்ந்துகொள்ளலாம். ஆயினும் அதன் ஆற்றல் குறைவு. பட்டியல்களும் நீட்சி புதுப்பிக்கப்படும்போது மட்டுமே புதுப்பிக்கப்படும். முழுமையானது வேண்டுவோர் பயர்பாக்ஸுக்கு மாறுவதே தக்கது.

ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியிலும் பயர்பாக்ஸ் உலாவியில் யூபிளாக் ஆரிஜினைச் சேர்க்கலாம். ஐபோனில் உள்ள பயர்பாக்ஸ் நீட்சிகளை ஏற்காது. அங்குச் சஃபாரி உலாவிக்குரிய தடுப்புச் செயலியை ஆப்பிள் கடையிலிருந்து பெற்று, தொலைபேசியின் அமைப்புகளில் அதனை இயக்கிவைக்க வேண்டும்.

7. பழுதுகளும் நீக்கும் வழிகளும்

பழுதைக் கண்டவுடன் நீட்சியை அகற்றிவிடுவது தக்க வழியன்று. முதலில் காரணத்தை அறிதல் வேண்டும். அதற்கு ஒரே சோதனை போதும்: கேடயத்தை அழுத்தி, பெரிய மின்பொத்தான் வடிவத்தை அணைத்து, பக்கத்தை மீண்டும் திறந்து பார்க்க வேண்டும். குறை நீங்கினால் காரணம் தடுப்பான். நீங்காவிடில் காரணம் வேறு. இச்சோதனைக்குப் பின் கீழ்வருவனவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

விளம்பரம் இன்னும் தெரிகிறது. கட்டுப்பாட்டுப் பக்கத்தில் பட்டியல்களைப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்துக. விளம்பர நிறுவனங்கள் முகவரியை மாற்றிக்கொண்டே இருப்பதால், பழைய பட்டியல் பழைய பஞ்சாங்கம் போன்றது. அடுத்து, இரு வட்டாரப் பட்டியல்களும் குறியிடப்பட்டுள்ளனவா எனப் பார்க்க. மூன்றாவதாக, வேறொரு தடுப்பான் உடன் இயங்குகிறதா எனப் பார்க்க. இரண்டு தடுப்பான்கள் இருந்தால் ஒன்றின் செயலை மற்றொன்று கெடுக்கும். ஒன்றை அகற்றுவதே முறை.

முகநூலிலிருந்து திறந்த பக்கத்தில் மட்டும் விளம்பரம் தெரிகிறது. கைத்தொலைபேசியில் முகநூல் செயலியில் உள்ள இணைப்பை அழுத்தினால், அப்பக்கம் உங்கள் உலாவியில் திறவாமல், செயலிக்குள்ளேயே இருக்கும் சிற்றுலாவியில் திறக்கும். அங்கு உங்கள் தடுப்பான் இல்லை. மேல்மூலைப் பட்டியலில் வெளி உலாவியில் திறக்கும் தேர்வை அழுத்துக. அவ்வாறே, ஓர் இதழின் தனிச் செயலிக்குள் வரும் விளம்பரங்களையும் உலாவியின் தடுப்பான் தடுக்காது.

உலாவியை மூடிய பின்னும் திரையின் மூலையில் செய்தி தோன்றுகிறது. 'உங்கள் கணினியில் வைரஸ்' என்பன போன்ற எச்சரிக்கைகள் பெரும்பாலும் பக்க விளம்பரங்கள் அல்ல. என்றோ ஒருநாள் ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டபோது, நாம் இசைவு தந்ததன் விளைவு. தடுப்பானைக் குறைகூறிப் பயனில்லை. உலாவியின் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியைத் திறந்து, அறிவிப்புகளுக்கு அனுமதி பெற்ற தளங்களின் பெயர்களைப் பார்த்து, அறியாதவற்றை நீக்குக.

பக்கம் சிதைகிறது, காணொலி ஓடவில்லை, படிவத்தை அனுப்ப இயலவில்லை. விதி தன் எல்லையை மீறியிருக்கிறது. அத்தளத்திற்கு மட்டும் தடுப்பானை அணைக்கலாம். அந்தத் தேர்வு நினைவில் வைக்கப்படும். வங்கி, வருமான வரி, மருத்துவமனைப் பக்கங்களில் இடையூறு நேர்ந்தால், முகவரி உண்மையானதா என எழுத்தெழுத்தாகச் சரிபார்த்த பின்னரே அணைத்தல் வேண்டும்.

விளம்பரம் போய் வெற்றிடம் நிற்கிறது. சிறு பலகையில் உள்ள சொட்டுக்குழல் படவுருவை அழுத்தி, அவ்விடத்தைச் சுட்டினால், அதற்குரிய மறைக்கும் விதியை மென்பொருள் தானே எழுதித் தரும். ஏற்பதற்கு முன், செய்திப் பகுதியும் சேர்ந்து மறைகிறதா என முன்னோட்டத்தில் பார்த்துக்கொள்க. நிலையான விதி வேண்டாம், இப்போது மட்டும் நீக்கினால் போதும் எனில், மின்னல் வடிவப் படவுரு அதற்கு உதவும்.

'தடுப்பானை அணையுங்கள்' எனத் தளம் கேட்கிறது. பட்டியல்களைப் புதுப்பித்தால் பல வேளைகளில் இது நீங்கும். நீங்காவிடில் முடிவு வாசகருடையது. அத்தளத்தை நீங்கள் மதிக்கிறீர்களா என்பதே கேள்வி. அதை அடுத்த பகுதியில் காண்போம்.

எல்லாம் செய்தும் ஒருவர் ஏமாற்றப்பட்டு, வங்கிக் கணக்கிலிருந்து பணம் சென்றுவிட்டால், நாணத்தால் மறைக்க வேண்டாம். உடனே தம் வங்கியின் அவசர எண்ணையோ, 2022இல் நம் நாட்டில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்னும் எண்ணையோ அழைத்தல் வேண்டும். பணம் கைமாறிச் செல்லும் வேகம் அதிகம். காலத்தாழ்வு மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

8. இதழ்களுக்கு நம் கடமை

தடுப்பானைப் பரிந்துரைப்போர் மறைக்கக் கூடாத ஒரு வினா உண்டு. விளம்பரம் இன்றி இதழ்கள் எவ்வாறு வாழும்? 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019 ஜனவரி இறுதியோடு நின்றுபோனது. ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து ஆண்டுகள் இந்நாட்டுத் தமிழரின் பிறப்பு, இறப்பு, பள்ளி, கோயில், தோட்டம், தேர்தல் அனைத்தையும் பதிவுசெய்த நாளிதழ் அது. எஞ்சியுள்ள இதழ்களும் இணையத் தளங்களும் சிறிய வாசகர் வட்டத்தை நம்பி இயங்குகின்றன. அவற்றின் வருவாயை நாமே அடைத்துவிட்டு, தமிழ் இதழ்கள் குறைகின்றன என மேடையில் வருந்துவது முறையாகாது.

இதற்கும் விடை, விதியும் புறனடையும் என்னும் அமைப்பிலேயே உள்ளது. தடுப்பது பொதுவிதியாக இருக்கட்டும். நாம் நாள்தோறும் படிக்கும், யார் நடத்துகிறார் என அறிந்த தமிழ்த் தளங்கள் புறனடையாக இருக்கட்டும். அத்தளத்தில் இருக்கும்போது மின்பொத்தானை ஒருமுறை அணைத்தால் அது நம்பத்தக்க தளங்களின் பட்டியலில் சேரும். அனுமதித்த தளத்தில் போலிப் பொத்தான்களோ ஆபாச விளம்பரங்களோ தோன்றினால், புறனடையை நீக்கிவிட்டு, காரணத்தை ஆசிரியருக்கு எழுதுங்கள். தம் பக்கத்தில் எது தோன்றுகிறது என்பதை ஆசிரியர் அறிவதற்கு அம்மடல் உதவும். அச்சிதழை வாங்குவதும் சந்தா செலுத்துவதும் ஏலத்தின் வழிவரும் சில காசுகளைவிட இதழுக்கு உறுதியான துணை என்பதையும் மறத்தலாகாது.

9. செய்யத்தக்கது

பட்டியல் தொகுப்போர் ஊதியமின்றி உழைக்கும் தொண்டர்கள். மலேசியத் தமிழ்த் தளங்கள் ஒவ்வொன்றையும் அவர்கள் திறந்து பார்த்துக்கொண்டிருப்பர் என எதிர்பார்க்க இயலாது. தடுக்கப்படாத விளம்பரத்தையோ சிதைந்த பக்கத்தையோ கண்டவர் தெரிவித்தால்தான் விதி திருந்தும். யூபிளாக் ஆரிஜினின் சிறு பலகையில் பேச்சுக்குமிழி வடிவப் படவுரு இதற்கென்றே உள்ளது. முறையீட்டில் ஐந்து செய்திகள் வேண்டும்: பக்கத்தின் முழு முகவரி, உலாவியின் பெயரும் பதிப்பும், குறியிட்டுள்ள பட்டியல்கள், கண்ட குறை, அதன் திரைப்படிமம். தொகுப்பாளர் தமிழ் அறியாதவராக இருக்கலாம்; ஆகவே படிமத்தில் உள்ள தமிழ்ச் சொல்லை உரைவடிவிலும் தந்து, அதன் பொருளை ஆங்கிலத்தில் எழுதுதல் வேண்டும். 'விளம்பரதாரர் பகுதி' என்பது செய்தித் தலைப்பன்று என்பதை நாம் சொன்னால்தான் அவர் அறிவார்.

தமிழை இணையத்தில் எழுதுவதற்கான கருவிகளை ஆக்குவதில் இந்நாட்டுக்குச் சிறப்பான பங்கு உண்டு. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இங்கு உருவானது. 2001ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. தமிழை இணையத்தில் ஏமாற்றமின்றிப் படிப்பதற்கான ஏற்பாடும் அப்பணியின் தொடர்ச்சியே. இதற்கு நிரலெழுதும் திறன் வேண்டியதில்லை; கூர்ந்து படிக்கும் பழக்கமும் தெளிவாக எழுதும் பழக்கமும் போதும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களிடம் இவ்விரண்டும் நிறைந்துள்ளன. வாசகர் வட்டங்கள் மாதம் ஒருமுறை கூடும்போது, உறுப்பினர் ஒவ்வொருவரும் தாம் கண்ட பழுதுகளைக் குறிப்பேட்டில் எழுதிவந்து, ஒருவர் அவற்றைத் தொகுத்து அனுப்பினால், ஓராண்டில் நம் தளங்களுக்குரிய விதிகள் கணிசமாகத் திருந்தும்.

இன்றே செய்யத்தக்கது ஒன்று உண்டு. வீட்டில் உள்ள பெரியவரின் உலாவியைத் திறந்து, இரு வட்டாரப் பட்டியல்களின் கட்டங்களிலும் குறியிட்டு, அவர் நாள்தோறும் படிக்கும் தமிழ் இதழை நம்பத்தக்க தளங்களில் சேர்த்துக் கொடுங்கள். மின்பொத்தான் எங்கே உள்ளது என்பதையும் அவரே ஒருமுறை அழுத்திப் பார்க்கும்படி காட்டுங்கள். பழுது நேரும்போது பிள்ளைகளுக்காகக் காத்திராமல் அவரே சரிசெய்துகொள்வார்.